எட்டு எடுக்கற கை

சித்தியோட கை எண்ணாமலே எட்டு எடுக்கும். இதை முதல்லயே சொல்லிடணும், ஏன்னா இந்த மொத்த கதையும் அந்தக் கையிலதான் தொங்குது.

கட்டில், அலமாரி எல்லாம் இப்ப பலகை பலகையா பெட்டிக்குள்ள வருதில்ல, நாமளே வீட்டுல உக்காந்து மாட்டிக்கணும்னு. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு சின்ன பை இருக்கும். எட்டு ஸ்க்ரூ, நாலு மரக்குச்சி, ரெண்டு கீல், வளைஞ்ச சாவி ஒண்ணு. அந்தப் பையைப் போடற ஃபேக்டரியிலதான் சித்திக்கு வேலை. ஒரு நீள மேஜை, ஆறு பொம்பளைங்க. சித்தி முதல் ஆளு, ஸ்க்ரூ அவ பொறுப்பு. தகரத் தட்டுக்குள்ள கையை விடுவா, எடுப்பா, பையில போடுவா, பக்கத்து ஆளுக்குத் தள்ளுவா. எண்ணவே மாட்டா, பேசிக்கிட்டே இருப்பா. ஆனா எட்டுதான் வரும். பதினோரு வருஷமா எட்டுதான்.

கடைசி ஆளு ஜட்ஜம்மா. அவங்க முன்னாடி ஒரு எடை மெஷின் இருக்கும். பையை வச்சா எடை சரியா இருக்கணும். ஒரு ஸ்க்ரூ கூடினாலும் குறைஞ்சாலும் பீப்னு கத்தும், செவப்பு லைட் எரியும். மேஜையில எந்த சண்டை வந்தாலும் தீர்ப்பு சொல்றதும் அவங்கதான், அதான் அந்தப் பேரு. சித்தி சேந்த புதுசுல ஜட்ஜம்மா ஒரு மாசம் வேணும்னே சித்தியோட பையை மட்டும் ரெண்டு தடவை எடை போட்டுப் பாத்தாங்களாம். அப்புறம், இந்தக் கைக்குள்ள யாரோ உக்காந்து எண்ணித் தர்றாங்கன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்களாம்.

இப்ப ஒயரு. ஒயரு சித்தியோட அக்கா பொண்ணு, இருபத்திரண்டு வயசு. படிக்கறேன்னு சித்தி வீட்டுக்கு வந்தவ, படிப்பு முடிஞ்சும் கெளம்பல. ஹெட்ஃபோன் ரிப்பேர் கடையில வேலை. பையில, பாக்கெட்ல, கழுத்துல எங்க பாத்தாலும் ஒயர் தொங்கும், அதான் பேரு. எலக்ட்ரானிக் மியூசிக்னா உயிரு. வாத்தியமே இல்லாம, பாட்டே இல்லாம, வெறும் ஃபேக்டரி சத்தத்தை வச்சே ஒரு முழு ஆல்பம் பண்ணணும்னு மண்டைக்குள்ள ஏறிடுச்சு. மெஷின் மனுஷனை எப்படி விழுங்குதுன்னு அந்த ஆல்பம் சொல்லணும். இதைச் சொல்லிச் சொல்லி சித்தியோட காதை ஓட்டை போட்டா. சித்திக்குப் பாதி புரியல. ஆனா போயி இன்சார்ஜ்கிட்ட, எங்க அக்கா பொண்ணு சார், ஏதோ சத்தம் பிடிக்கணுமாம்னு கெஞ்சி அனுமதி வாங்கிக் குடுத்தா.

மூணு நாள் ஒயரு அந்த மேஜைக்கு அடியிலயே படுத்துக் கெடந்தா, சின்னச் சின்ன மைக்கை ஒட்டிக்கிட்டு. தட்டுல ஸ்க்ரூ விழற சத்தம், பையை ஒட்டற மெஷினோட புஸ், எடை மெஷினோட பீப். அந்த பீப்புக்காக ஜட்ஜம்மா வேணும்னே தப்புப் பை ஒண்ணை வச்சுக் குடுத்தாங்க, ஏன்னா சித்தி கையில இருந்து தப்பு வரவே மாட்டேங்குது. நடுவுல ஜட்ஜம்மா ஒரு தும்மல் போட்டாங்க, மேஜையே ஆடுச்சு. ஒயரு அதையும் விடல, முதல் டிராக்லயே வச்சுட்டா.

ஆறு பேரும் நிறுத்தாம பேசிக்கிட்டே இருந்தாங்க. மாமியார், பக்கத்து வீடு, யாரோ ஓடிப்போன கதை. அதையெல்லாம் ஒயரு வீட்டுக்கு வந்து ஒண்ணு விடாம வெட்டி எடுத்தா. சுத்தமான சத்தம் வேணும்ல.

ஆல்பத்துல எட்டு டிராக், நாப்பத்தோரு நிமிஷம். முதல் டிராக்கோட பேரே 'எட்டு', முழுக்க சித்தியோட கைதான் தாளம். இன்டர்நெட்ல போட்டா. முதல் வாரம் மொத்தமே பதினாலு தடவைதான் ஓடுச்சு, அதுல அஞ்சு தடவை ஒயருவேதான். அப்புறம் ஒரு ரேடியோக்காரர் கையில மாட்டுச்சு, அவரு ஒரு மணி நேரம் இதைப் பத்தியே பேசினாரு. நம்ம மொழியில இப்படி ஒண்ணு இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல, இந்தப் பொண்ணுதான் முன்னோடின்னாரு. அவளைக் கூப்பிட்டுப் பேச வச்சாரு. ஒயரு கண்ணாடி முன்னாடி நின்னு நாலு நாள் பழகின வரியை அப்படியே சொன்னா: "மனுஷங்க தனக்கே தெரியாம மெஷினா மாறிட்டு வர்றாங்க. அதை அவங்களுக்குக் காட்டத்தான் இந்த ஆல்பம்."

இந்த வரியை இப்ப யாராவது எடுத்துச் சொன்னா ஒயருக்கு காது மடல் சூடாயிடும். அதுக்குத்தான் வர்றேன்.

ஆல்பம் வந்த சந்தோஷத்துல இன்சார்ஜ் டீ பிரேக்ல ஹால் ஸ்பீக்கர்ல 'எட்டு' போட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க, அடையாளம் கண்டுபிடிச்சாங்க, இது என் மெஷினோட புஸ், இது உன் கீலுன்னு. தும்மல் வந்தப்ப ஜட்ஜம்மா எழுந்து நின்னு கும்பிட்டாங்க. பிரேக் முடிஞ்சும் பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு, எல்லாரும் வேலையை ஆரம்பிச்சாங்க. இன்சார்ஜ் அப்பதான் ஒண்ணைப் பாத்தாரு. ஆறு ஜோடிக் கையும் அடிக்கு அடி ஒண்ணாப் போகுது.

அன்னைக்கு சாயங்காலம் அவருகிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு. வேலை நேரத்துலயும் அதையே திரும்பத் திரும்பப் போடலாமான்னு கேட்டிருந்தாரு. ஒயரு தரையில கால் படாம சுத்தினா. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தன்னோட பாட்டு ஓடப் போகுது, எந்த ரேடியோ குடுக்கும் இதை.

ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த மெசேஜ். கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் வேகமா ஒண்ணு பண்ணித் தர முடியுமாம்மா, மதியத்துல எல்லாருக்கும் தூக்கம் வருது, ஜாலியா இருக்கும்.

'எட்டு' பாட்டோட வேகம் நிமிஷத்துக்கு தொண்ணூத்தாறு தாள அடி. நாலு அடிக்கு ஒரு பை. ஒயரு தொண்ணூத்தெட்டாக்கித் தந்தா. சும்மா வேகமாக்கினா சத்தம் கீச்சுனு மேல போயிடும், கேக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும். அப்படி ஆகாம, சத்தம் அதே கனத்துல இருந்துக்கிட்டே வேகம் மட்டும் ஏறற மாதிரி பண்ண ஒரு வித்தை இருக்கு. அதுல ஒயரு கில்லி. அனுப்பும்போது பெருமையா ஒரு வரி வேற எழுதினா: யாராலயும் கண்டுபிடிக்க முடியாது சார். பக்கத்துல கண்ணடிக்கற பொம்மை ஒண்ணு.

நாலு மாசத்துல ஏழு தடவை கேட்டாரு. நூறு, நூத்திரண்டு, நூத்தி நாலு, நூத்தி ஏழு, நூத்தி பத்து, கடைசியா நூத்தி பதினாலு. மூணாவது தடவை அவரு, டார்கெட் நல்லா வருதும்மா, ரொம்ப தேங்க்ஸ்னு எழுதியிருந்தாரு. ஒயரு அதைப் படிச்சா. கட்டை விரலைத் தூக்கிக் காட்டற பொம்மையை அனுப்பினா. அதனால எனக்கு எதுவுமே தெரியாதுன்னு அவளால சொல்ல முடியாது. தெரியும். தெரிஞ்சதை எடுத்துப் பாக்காம ஒரு ஓரமா வச்சிருந்தா, அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல ஸ்க்ரூ எண்ணற மெஷின் ஒண்ணு வாங்கப் போறாங்கன்னு ஃபேக்டரியில ரொம்ப நாளா ஒரு பேச்சு இருந்துச்சு. அந்தப் பேச்சு அப்படியே அமுங்கிப் போச்சு. ஏன் வாங்கணும்?

ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஒயரு தண்ணி குடிக்க சமையலறைக்கு வந்தா. சித்தி சாப்பாட்டு மேஜையில தனியா உக்காந்திருந்தா. முன்னாடி ஒரு தட்டு, தட்டு நெறைய வீட்டு டூல் பெட்டியில இருந்த துருப்பிடிச்ச ஸ்க்ரூ. மூக்குல ஒரு கண்ணாடி. சித்தி கண்ணாடி போட்டு ஒயரு பாத்ததே இல்ல. சித்தி கையை விட்டா, எடுத்தா, உள்ளங்கையை விரிச்சு ஒவ்வொண்ணா எண்ணினா. எட்டு. திரும்பப் போட்டா. எடுத்தா. எட்டு. திரும்ப. எட்டு.

ஒயரைப் பாத்ததும் கண்ணாடியைக் கழட்டி மடியில மறைச்சுட்டா, திருட்டுத்தனமா இனிப்பு தின்னு மாட்டிக்கிட்ட குழந்தை மாதிரி.

அப்புறம் மெல்ல மெல்ல வந்துச்சு. ரெண்டு மாசமா கை ஏழு எடுக்குதாம், ஒன்பது எடுக்குதாம். ஒரு நாளைக்கு முப்பது பீப், நாப்பது பீப். ஒவ்வொரு பீப்புக்கும் மத்த அஞ்சு பேரும் நிக்கணும். யாரும் ஒரு வார்த்தை சொல்லலையாம், அதுதான் இன்னும் கேவலமா இருக்காம். கண்ணுல கோளாறோன்னு யாருக்கும் தெரியாம போயி கண்ணாடி வாங்கியிருக்கா. அதுக்கும் சரியாகல.

"வீட்டுல வருதுடி. அங்க வர மாட்டேங்குது," சித்தி கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே சொன்னா. "வயசாயிடுச்சு போல. வெள்ளிக்கெழமை எழுதிக் குடுத்துட்டு நின்னுடலாம்னு இருக்கேன். என்னால அவங்களுக்கும் கெட்ட பேரு."

சித்திக்கு நாப்பத்தாறு வயசு.

இங்க ஒயரு வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. தண்ணியைக் குடிச்சா, டம்ளரைக் கழுவினா, ஏற்கெனவே கழுவி வச்சிருந்த இன்னொரு டம்ளரையும் கழுவினா, ரூமுக்குப் போயிட்டா. ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு நூத்தி பதினாலைப் போட்டு, சித்தி மாதிரி கையை விட்டு எடுத்துப் பாத்தா, ரிப்பேர் பாக்ஸுல கெடந்த சின்ன ஸ்க்ரூங்களை. மூணாவது நிமிஷத்துல விரல் மரத்துப் போச்சு. இதை எட்டு மணி நேரம்.

அவளுக்கு வந்த யோசனை என்ன தெரியுமா. உண்மையைச் சொல்லலாம்னு வரல. இன்னொரு ஃபைல் பண்ணலாம்னு வந்துச்சு. காலையில நூத்தி பதினாலுல ஆரம்பிச்சு, மணிக்கு ரெண்டு மூணு அடியா நைசா இறங்கி, சாயங்காலம் தொண்ணூத்தாறுல வந்து நிக்கற மாதிரி. திங்கக்கெழமை உக்காந்து பண்ணினா. புது மிக்ஸ் சார், இதுல சத்தம் இன்னும் நல்லா இருக்கும்னு பொய் சொல்லி அனுப்பினா. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. மறுபடியும் அதே வரிதான், இந்தத் தடவை எழுதல, மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா.

செவ்வாய்க்கெழமை சித்தி வீட்டுக்கு வரும்போதே சிரிச்சுக்கிட்டு வந்தா. செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா: மத்தியானத்துக்கு மேல ஒரே ஒரு பீப்தான். கண்ணாடி பழக ஒரு மாசம் ஆகுமாம், பழகிடுச்சுன்னா. இப்ப வெளிப்படையாவே மாட்டிக்கிட்டு வீடு முழுக்க நடந்தா. எப்படி இருக்கு, டீச்சர் மாதிரி இருக்கேனான்னு கேட்டா. ஒயரு நல்லா இருக்கு சித்தின்னா. சொல்லும்போது சித்தியோட முகத்தைப் பாக்க முடியல, கண்ணாடியோட ஃபிரேமைப் பாத்து சொன்னா.

புதன்கெழமை காலையில இன்சார்ஜோட மெசேஜ். இவரு எண்ணிக்கையைப் பாத்தே பொழைக்கறவரு. புதுசு கொஞ்சம் மந்தமா இருக்கும்மா, பழசையே போட்டுக்கறேன், தப்பா நெனைக்காதன்னு.

அன்னைக்கு சித்தி கண்ணாடியைக் கழட்டி பையில போட்டுக்கிட்டுத்தான் வந்தா.

வியாழக்கெழமை சித்தி ஒரு தாளோட ஒயரு ரூம் வாசல்ல வந்து நின்னா. பென்சில்ல எழுதி, அடிச்சு, எழுதியிருந்தா. கையெழுத்து கேவலமா இருக்கு, நீ நல்லா டைப் பண்ணுவியே, கொஞ்சம் அடிச்சுக் குடேன்னா. ஒயரு வாங்கி டைப் பண்ணினா. ஐயா, எனக்கு வயதாகிவிட்டதால் என் கையின் வேகம் குறைந்துவிட்டது. என்னால் மற்றவர்கள் பாதிக்கப்படுவதால் நானே விலகிக்கொள்கிறேன். சித்தி பின்னாடி நின்னு ஒவ்வொரு எழுத்தும் திரையில விழறதைப் பாத்துக்கிட்டிருந்தா. "விலகிக்கொள்கிறேன்னு இருக்கட்டுமா, விடைபெறுகிறேன்னு போடலாமா?" ஒயரு மெனக்கெட்டு ரெண்டுத்தையும் மாத்தி மாத்திப் போட்டுக் காட்டினா. விலகிக்கொள்கிறேன்தான் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணி பிரிண்ட் எடுத்துக் குடுத்தா.

அதாவது, அவளுக்கு முழுசா இருபது நிமிஷம் கெடைச்சுது. சித்தி மூச்சு விடறது அவ கழுத்துல படற தூரத்துல.

வெள்ளிக்கெழமை காலையில சித்தி கெளம்பும்போது ஒயருவும் கூடவே கெளம்பினா. கடைக்கு லீவு சொல்லிட்டா. கடைசி நாள்னு வர்றியான்னு சித்தி கேட்டா, தலையை ஆட்டினா. வழி முழுக்க சொல்லிடலாம்னு வாயெடுத்தா, ஒவ்வொரு தெருமுனையிலயும் அடுத்த முனையில சொல்லலாம்னு தள்ளிப்போட்டா, கேட் வந்துடுச்சு.

ஆல்பம் வந்தப்புறம் ஹாலுக்குள்ள அவ போனதே இல்ல. கதவைத் திறந்ததும் ஸ்பீக்கர்ல இருந்து அவளோட பாட்டு மூஞ்சியில அடிச்சுது. நூத்தி பதினாலு. சித்தி ஏப்ரனைக் கட்டிக்கிட்டுப் போயி தன்னோட இடத்துல உக்காந்தா, அடுத்த அடியிலயே கை சேந்துக்கிச்சு. ஆறு தோளும் ஒண்ணா ஏறுது, ஒண்ணா இறங்குது. கண்ணு எல்லாம் தட்டுல. பீப். ஜட்ஜம்மா பையைத் தள்ளி வச்சாங்க, சித்தியோட பக்கம் திரும்பக்கூட இல்ல. திரும்ப நேரமில்ல.

ஒயருக்கு என்னவோ ஒண்ணு குறையற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுதான் புரிஞ்சுது. யாரும் பேசல. மாமியார் இல்ல, பக்கத்து வீடு இல்ல, ஓடிப்போனவங்க இல்ல. அவ வீட்டுல உக்காந்து வெட்டி எடுத்தாளே, அதே மாதிரி சுத்தமா இருந்துச்சு ஹால்.

டீ பிரேக் வரைக்கும் சுவத்துல சாஞ்சு நின்னா. பெல் அடிச்சுது, இன்சார்ஜ் பாட்டை நிறுத்தினாரு. சித்தி ஏப்ரன் பாக்கெட்ல இருந்து கவரை எடுத்துக்கிட்டு அவரு பக்கமா நடந்தா. அப்பதான் ஒயரு முன்னாடி போனா.

"சித்தி, அதைக் குடுக்காத. உன் கை சரியாத்தான் இருக்கு. நான்தான் பாட்டை வேகமாக்கிட்டேன்."

யாருக்கும் புரியல. முதல்ல இருந்து சொன்னா. எத்தனை தடவை, எத்தனை அடி, சத்தம் மாறாம எப்படி ஏத்தினா. முன்னாடி நிமிஷத்துக்கு இருபத்துநாலு பை, இப்ப இருபத்தெட்டரை. சொல்லச் சொல்ல குரல் உள்ள போயிடுச்சு, கேக்கலன்னு பின்னாடி இருந்து ஒருத்தங்க சொன்னாங்க, திரும்ப முதல்ல இருந்து சொல்ல வேண்டியதா போச்சு. இன்சார்ஜ் டீ கப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு. அவருக்கும் மேல இருந்து நெருக்கடியாம், மெஷின் வாங்கிட்டா இந்த மேஜையே இருக்காதுன்னு பயமாம், நல்லதுக்குத்தான்னு நெனைச்சாராம். அதுல பொய் இல்லன்னு பாத்தாலே தெரிஞ்சுது. அதுக்காக யாருக்கும் கோவம் குறையல.

ஜட்ஜம்மா கையை நீட்டினாங்க, ஃபோனைக் குடுன்னு. ஒயரு குடுத்தா. எட்டத்துல பிடிச்சு, கண்ணைச் சுருக்கி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒவ்வொரு மெசேஜா படிச்சாங்க. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது சார். அதைப் படிச்சுட்டு நிறுத்தினாங்க.

"இது என்ன, கண்ணடிக்குதா?"

ஒயரு ஆமான்னு தலையாட்டினா.

ஜட்ஜம்மா ஃபோனைத் திருப்பிக் குடுத்தாங்க. "அப்ப எங்களுக்கு வயசாகல," அவ்வளவுதான் சொன்னாங்க. கீல் போடறவங்க திடீர்னு அழுதுட்டாங்க. அவங்களும் ராத்திரி கைக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்காங்க. சாவி போடறவங்க மணிக்கட்டுல துணி சுத்தி ஃபுல் ஹேண்ட் சட்டைக்குள்ள மறைச்சிருந்தாங்க. ஆறு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஆறு பேரும் தனக்கு மட்டும்தான்னு நெனைச்சு வெக்கப்பட்டிருக்காங்க.

செவ்வாய்க்கெழமையையும் ஒயரு சொல்லிட்டா. இறங்கற ஃபைல். அதைச் சொன்னப்பதான் சித்தி முதல் தடவையா நிமிர்ந்து பாத்தா.

"அதையும் எங்களைக் கேக்காமலே பண்ணினியா?" சித்தி கேட்டா. "நான் கண்ணாடியாலதான்னு நெனைச்சேன்."

பெல் அடிச்சுது. பாட்டு வேண்டாம் சார்னு ஜட்ஜம்மா தீர்ப்பு சொன்னாங்க. இன்சார்ஜ் ஸ்பீக்கர் பக்கம் போகல. சித்தி கவரை மடிச்சு ஏப்ரன்லயே வச்சுக்கிட்டா, போயி உக்காந்தா, தட்டுல கையை விட்டா. கை ஒரு நிமிஷம் அப்படியே நின்னுச்சு, அடி எங்கன்னு தேடற மாதிரி. அப்புறம் எடுத்தா. மேஜை கோணல்மாணலா நகர ஆரம்பிச்சுது, ஒருத்தர் முந்தி ஒருத்தர் பிந்தி. ஒயரு அங்கயே நிக்கறதைப் பாத்துட்டு சித்தி, வேலை நேரம், நீ போன்னா. திரும்பிப் பாக்காம சொன்னா.

அடுத்த வாரம் எண்ணிக்கை பழைய எடத்துக்கே இறங்குச்சு. மேல இருந்து கேள்வி வந்துச்சு. மெஷின் பேச்சும் திரும்ப வந்துச்சு, ஒரு ஆளு அளவெடுத்துட்டுப் போனாராம். ஆறு பேரும் சேந்து இப்ப பதில் எழுதிக்கிட்டிருக்காங்க. அதை டைப் பண்ண ஒயரைக் கூப்பிடல.

வீட்டுல சித்தி எப்பவும் போல சாப்பாடு போட்டா, எப்பவும் போல துணி மடிச்சா. எட்டு நாள் அந்த விஷயத்தையே எடுக்கல. திட்டினா பரவால்லன்னு ஒயருக்கு இருந்துச்சு. ரேடியோக்காரர் வேற அடுத்த ஆல்பம் எப்பன்னு கேட்டு அனுப்பியிருந்தாரு. அதுக்கு என்ன எழுதறதுன்னு தெரியாம ஃபோனை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்ப சித்தி மடிச்ச துணியோட ரூமுக்குள்ள வந்தா.

மன்னிச்சுக்கோ சித்தின்னா ஒயரு. இதுவரைக்கும் சொல்லவே இல்லங்கறது அப்பதான் அவளுக்கே உறைச்சுது.

சித்தி துணியைக் கட்டில்ல வச்சா. "பாட்டை வேகமாக்கினது கூட போகட்டும். பெருமையில பண்ணிட்ட. ஞாயித்துக்கெழமை சொல்லியிருந்தா நான் திட்டிட்டு சிரிச்சிருப்பேன்." ஒயருவோட சட்டை ஒண்ணை எடுத்து, சரியா மடிச்சிருந்ததையே பிரிச்சு திரும்ப மடிச்சா. "அந்தக் கடுதாசி. உக்காந்து அடிச்சுக் குடுத்தியேடி."

ஒயரு ஃபோனைக் கவுத்து வச்சா.

"அது இன்னும் அதுக்குள்ள இருக்கா?" சித்தி கம்ப்யூட்டரைக் காட்டினா.

"இருக்கு. அழிச்சிடறேன்."

"வேண்டாம்," சித்தி சொன்னா. "இருக்கட்டும்."

ஒயரு இன்னும் அழிக்கல. ஸ்க்ரீன்ல 'எட்டு' ஃபைலுக்குப் பக்கத்துலயே இருக்கு அது, பேரு கூட வைக்காம. ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டரைத் திறக்கும்போதும் கண்ணுல பட்டுடுது.